பின்பாரம் ஏற்றிய வண்டி

சிட்னிக்கு நான் போனது சமைத்துப் போடத்தான், வண்டி பார்க்க அல்ல. தங்கை சுதாவின் ஒரே மகள் அஞ்சலிக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. சுதாவுக்கு மருத்துவமனை லேபில் வேலை, அவள் கணவர் ரவிக்கு ஐ.டி. பிள்ளை படிக்கிற வீட்டில் அடுப்பு அணைந்து கிடக்கக் கூடாது என்று திருச்சியில் என் வக்கீல் ஆபீஸை ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். பரீட்சை முடிந்தது. ஊர் திரும்பச் சில வாரங்கள் மிச்சமிருந்தன. அந்தச் சமயம் பார்த்து ரவி என்னைக் கேரவன் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்.

கேரவன் என்றால் நம் ஊரில் சினிமா நடிகர்கள் உட்கார்ந்து ஏ.சி. வாங்கும் வண்டி. இங்கே அது காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளே இருக்கும். கெல்லிவில்லில் சுதாவின் தெருவில் மட்டுமே நாலைந்து வாசல்களில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அவை நிற்கத்தான் செய்கின்றன.

ரவியின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பிப்ரவரியில் அஞ்சலி மெல்போர்னுக்குப் படிக்கப் போகிறாள். அதற்கு முன்னால் டிசம்பர் கடைசியில் ஒரு விடுமுறை வருகிறது. குடும்பமாகக் கேம்ப் போக இனி எப்போது வாய்க்குமோ தெரியாது. ஆனால் அஞ்சலி கேம்பிங் வருவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. இவர்கள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் அவள் தோழி வீட்டுக்குப் போய்விடுவாள்.

"நல்ல வண்டியா இருந்தா வருவாக்கா," என்றார் ரவி.

"வர்றேன்னு அவ வாயால சொல்லட்டும். அப்புறம் வாங்குங்க," என்றாள் சுதா.

அஞ்சலிக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். என் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படியே தமிழில் தருகிறேன். "ஒரு வீக்எண்ட் வர்றேன். பார்த்துட்டு டிசம்பர் பத்திச் சொல்றேன்," என்றாள். அவ்வளவுதான் வாக்குறுதி. ரவி அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

முதல் சனிக்கிழமை பிளாக்டவுனில் ஓர் இலங்கைத் தமிழர் கடையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். பரிமாறிய பெண் தேங்காய்ச் சம்பலை வைத்துவிட்டு "காணுமோ?" என்றாள். போதுமா என்று கேட்கிறாள் என்பது எனக்கு இரண்டு மாதப் பழக்கத்தில் தெரிந்திருந்ததால் இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டேன். நல்ல உறைப்பு. வயிறு நிறைந்தால் ரவி சட்டென்று பணத்தை நீட்டிவிட மாட்டார் என்பது சுதாவின் கணக்கு.

அங்கிருந்து கேரவன் விற்கும் ஒரு பெரிய யார்டுக்குப் போனோம். வெள்ளைப் பெட்டிகள் வரிசை வரிசையாக நின்றன. ஒருவர் தவழ்ந்து போய்ப் படுக்க மட்டுமே ஆன முட்டை வடிவ வண்டி ஒன்று. பெட்டி போல வந்து, விரித்தால் கூடாரமாகும் வண்டி ஒன்று. கூரையை மட்டும் உயர்த்திக்கொள்ளும் வண்டி. பிறகு, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம் போன்ற முழு வீடுகள்.

விற்பனையாளர் நல்ல மனிதர். விலையைச் சொல்வதற்கு முன் கேள்வி கேட்டார். "உங்கள் கேம்பிங் எப்படிப்பட்டது? ஒரே இடத்தில் தங்குவீர்களா, தினம் ஓர் ஊர் போவீர்களா? மண் சாலையில் இறங்குவீர்களா? மழை வந்தால் உள்ளே உட்காருவீர்களா, வீட்டுக்குத் திரும்பிவிடுவீர்களா?"

ரவி எல்லாவற்றுக்கும் "யெஸ்" என்றார். சாட்சிக் கூண்டில் ஏறி இப்படிச் சொல்லியிருந்தால் என் கேஸ் அன்றைக்கே தோற்றிருக்கும். உண்மையான பதிலை நாங்கள் யாருமே சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தின் கேம்பிங் என்பது குலதெய்வம் கோயிலுக்குப் போவது மாதிரி. அண்டா, அடுப்பு, அரிசி மூட்டையோடு போய் இறங்குவோம். வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவோம். திரும்பி வந்து இரண்டு நாள் முதுகுவலியோடு படுத்துக் கிடப்போம்.

ஒன்றைக் கவனித்தேன். எந்த வண்டியில் ஏறினாலும் ரவி நேராகப் பின்னால் போய் டாய்லெட் கதவைத்தான் திறந்து பார்த்தார். "ஊர்ல பொண்ணு குடுக்கறவங்க அடுப்படியைப் பார்ப்பாங்க. நீங்க என்ன இதைப் போய்ப் பார்க்கறீங்க?" என்று கிண்டல் செய்தேன். சிரித்துக்கொண்டே அடுத்த வண்டியில் ஏறினார்.

அடுத்த வாரம் டெரி என்ற பெரியவர் கிடைத்தார். மனைவிக்கு முட்டி முடியாமல் போனதால் தம் கேரவனை விற்க நினைத்தார். "சனி ஞாயிறு கொண்டுபோய் வாழ்ந்து பாருங்கள். ஞாயிறு மாலை வேண்டும் அல்லது வேண்டாம் என்று ஒரு ஃபோன் போடுங்கள். இன்னொருவர் காத்திருக்கிறார்," என்றார். முன்னால் இரட்டைக் கட்டில், நடுவில் அடுப்பும் சோஃபாவும், பின்கோடியில் அகலமாகக் குளியலறையும் டாய்லெட்டும். டாய்லெட்டைப் புதிதாக மாற்றியிருப்பதாகவும், அதில் இதுவரை ஒருவரும் உட்காரவில்லை என்றும் பெருமையாகச் சொன்னார்.

"அக்கா, அடுப்புலேர்ந்து கையை நீட்டினா டாய்லெட் கதவு," என்று சுதா என் காதில் முணுமுணுத்தாள்.

"சாம்பார் கொதிக்கறப்ப உள்ள ஆள் இருந்தா என்னடி பண்றது?" என்றேன்.

நாங்கள் இருவரும் தாழ்ந்த குரலில் இந்த விவாதத்தில் இறங்க, ரவி எங்களைச் சமாதானம் செய்ய, டெரி அந்தப் பக்கம் சாமான் ஏற்றும் முறையை விளக்கிக்கொண்டிருந்தார். கனமானதெல்லாம் சக்கரத்துக்கு மேலே, தரையோடு இருக்கட்டும். பின்கோடியில் கனம் ஏறினால் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. இதை அவர் சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் நினைவு வந்தது மலையில்.

வீட்டுக்கு வந்ததும் சுதா கறாராகச் சொன்னாள். "சமைக்கிற இடத்துல கக்கூஸ் கூடாது. அதை யாரும் தொடக்கூடாது. அங்க கேம்ப்ல பொது டாய்லெட் இருக்கு, நடந்து போயிக்கலாம்." நானும் ஆமாம் போட்டேன். ரவி ஏதோ சொல்ல வந்தார். சோஃபாவில் ஃபோனோடு கிடந்த அஞ்சலியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு "சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை வண்டி வாசலுக்கு வந்ததும் சாமான் ஏற்றும் படலம். ரவி வழக்கம்போலத் தெருவில் மூன்று குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தார். அவர்கள் நேராகக் கேம்புக்கு வந்துவிடுவார்கள். சாப்பாடு சுதாவின் பொறுப்பு. யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்க விடவில்லை. அரிசி மூட்டை, தண்ணீர்ப் பாட்டில் பெட்டிகள், இரும்பு தோசைக்கல், அண்டா, மடக்கு மேசைகள். ஞாயிறு காலை வடைக்குப் புதிதாக அரைக்க வேண்டும் என்று கல் கிரைண்டர் வேறு. கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டிகள் மெத்தை விரிப்பும் தலையணையுமாக நிரம்பிவிட்டன. மிச்சமிருந்தது பின்னால் காலியாகக் கிடந்த அந்த அறைதான்.

"அதுல வைக்கலாமாக்கா?" என்று சுதா தயங்கினாள்.

தீர்ப்பு நான்தான் சொன்னேன். யாரும் உபயோகிக்காத டாய்லெட் டாய்லெட் ஆகாது, அது வெறும் பின்னறை. சாமான் வைக்கலாம். பிரித்த உணவுப் பண்டம் மட்டும் கூடாது. கட்டிய மூட்டை, மூடிய பாட்டில், புதுப் போர்வை சுற்றிய கிரைண்டர் ஆகியவை ஆட்சேபணைக்கு உரியவை அல்ல. இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு தெளிவான தப்புத் தீர்ப்பை நான் எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலை ரவி வண்டியின் மூக்கைக் காரின் கொக்கியில் மாட்டினார். "பாருங்கக்கா, முன்பக்கம் எவ்வளவு லேசா இருக்கு! ஒரு கையால தூக்கிடலாம் போல." நாங்கள் கை தட்டினோம். பின்னால் கனம் ஏறினால்தான் மூக்கு இப்படி லேசாகும், அது ஆபத்து என்று தெரிந்த ஒருவர்கூட அந்த வாசலில் இல்லை.

மலைப்பாதையில் எனக்குக் குமட்டும் என்பதால் முன்சீட் எனக்கு. சுதாவும் அஞ்சலியும் பின்னால். நெடுஞ்சாலை ஏறியதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. கார் தரையில் ஓடவில்லை, மிதந்தது. ரவி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். ஏ.சி. ஓடியும் அவர் காதோரம் வேர்த்து வழிந்தது.

"பழக்கமில்லல்ல, அதான்," என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். டேஷ்போர்டில் இருந்த ஒரு சின்னப் பொத்தானைக் காட்டி, "இதை அழுத்தினா பின்வண்டிக்கு மட்டும் பிரேக் பிடிக்கும்," என்றார். எனக்குத் தைரியம் சொல்கிறாரா, தமக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை.

ஹெலன்ஸ்பர்க் கோயிலில் நின்றோம். காட்டுக்கு நடுவே வெள்ளைக் கோபுரம், சுற்றிலும் யூகலிப்டஸ் வாசனை. சாமி கும்பிட்டு, கேன்டீனில் புளியோதரை வாங்கி நின்றபடியே சாப்பிட்டோம். ரவிக்கு வண்டிக்கு பூஜை போட ஆசை. "வாங்காத வண்டிக்கு பூஜை போட்டா வாங்கியே ஆகணும்," என்று சுதா மறித்தாள். இரண்டு பேரும் அர்ச்சனைத் தட்டோடு வாகன நிறுத்தத்தில் நின்று சண்டை போட்டார்கள். அஞ்சலி தள்ளிப் போய் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டாள்.

அங்கேதான் கேம்புக்கு வருகிற பத்மா அன்ரி எங்களோடு சேர்ந்துகொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர், அவர்கள் வாயில் ஆன்ட்டி 'அன்ரி' ஆகிவிடும். சுதாவின் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். அறுபதைத் தாண்டியவர், தனியாகவே ஒரு சின்னக் கேம்பர் வண்டியை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். எங்கள் கேரவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.

"பின்பக்கம் பதிஞ்சு கிடக்குது போல. பின்னுக்கு என்ன வச்சிருக்கிறியள்?"

"சேர், டேபிள்தான் அன்ரி," என்றாள் சுதா.

கிரைண்டரை டாய்லெட்டுக்குள் வைத்திருக்கிறோம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை. நல்ல கேள்வி கேட்டவரிடம் வெட்கத்துக்காகப் பொய் சொன்னோம்.

அன்ரி ஒரு வாக்கி டாக்கியைக் கார் ஜன்னல் வழியாக நீட்டினார். "இதை வச்சிருங்கோ. நான் பின்னால வாறன்."

ஹெலன்ஸ்பர்க் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மவுண்ட் ஊஸ்லி இறக்கம். கீழே கடலும் ஊரும் தெரியும், பார்க்க அழகு என்று சொல்லியிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்தது எங்களை உரசுவது போலத் தாண்டிப் போன ஒரு நீண்ட லாரியை மட்டும்தான். அது போன வேகத்தில் காற்று எங்களை ஒரு பக்கம் இழுத்தது. கார் நிமிர்ந்தது. பின்னால் வந்த வீடு நிமிரவில்லை.

முதலில் இடது பக்கம் ஒரு இழுப்பு. அப்புறம் வலது பக்கம். அப்புறம் அதைவிடப் பெரிதாக இடது பக்கம். காரின் பின்பகுதியை யாரோ பிடித்து உலுக்குவது போல இருந்தது. சுதா "ஏங்க, ஏங்க" என்று கத்தினாள். கண்ணாடியில் பார்த்தேன். கேரவன் ஒரு ஆட்டத்தில் பக்கத்துத் தடத்துக்கே போய் வந்தது. பின்னால் ஏதோ ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்தது.

ரவி பிரேக்கை மிதித்தார். ஆட்டம் இரண்டு மடங்கானது.

"தம்பி, பிறேக் பிடிக்காதேங்கோ! காலை எடுங்கோ!" வாக்கி டாக்கியில் அன்ரியின் குரல் வெடித்தது. "ஸ்டீயரிங்கை நேரா வச்சிருங்கோ! திருப்பாதேங்கோ! அந்த டிரெயிலர் பிறேக் பொத்தானை அமத்துங்கோ!"

ரவிக்கு ஒரு கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் கார் போய்விடும். அவர் கண் என் பக்கம் திரும்பியது. நான் பொத்தானைத் தேடினேன். காலையில் காட்டிய அதே பொத்தான்தான், ஆனால் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. ஏ.சி. பொத்தானை அழுத்தினேன். பின்னாலிருந்து அஞ்சலி, "கீழ, பெரியம்மா, அதுக்குக் கீழ!" என்றாள். அகப்பட்டது. அழுத்திப் பிடித்தேன்.

பின்னால் எதுவோ பிடித்து இழுத்தது. வீடு இன்னும் ஒரு முறை ஆடியது. அப்புறம் கொஞ்சம் குறைவாக. அப்புறம் இன்னும் குறைவாக. "ஓம், அப்படித்தான். விடாதேங்கோ. மெல்ல, மெல்ல," என்று அன்ரி பிரசவம் பார்ப்பது போலச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆட்டம் நின்ற பிறகும் என் விரல் பொத்தானிலிருந்து எழவில்லை. அஞ்சலி முன்னால் எட்டி என் கையை எடுத்துவிட்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

இறக்கத்தின் அடியில் ஓர் அகலமான ஓரத்தில் நிறுத்தினோம். யாரும் இறங்கவில்லை. ரவி ஸ்டீயரிங்கை விடவே இல்லை. சுதா மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். எனக்கு வந்தது கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம்.

அன்ரி வந்து கேரவனின் கதவைத் திறந்தார். பின்னறைக் கதவு உடைந்து தொங்கியது. போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்த கிரைண்டர் அடுப்படியில் குப்புறக் கிடந்தது. அரிசி மூட்டை கிழிந்து தரையெங்கும் அரிசி.

"கிரைண்டரோ? கக்கூசுக்குள்ள கிரைண்டரோ?" அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் கேட்டனான்தானே, ஏன் சொல்லேல்ல, சுதா? பிள்ளையையும் ஏத்திக்கொண்டு வாறியள்!"

சுதா பக்கத்தில் நின்ற ரவி மேல் பாய்ந்தாள். "இவ்வளவு பெரிய வண்டி எதுக்குங்க நமக்கு? யார் கேட்டா?"

"டாய்லெட்டுக்குத்தான்," என்றார் ரவி.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்கணும், உள்ள சிலந்தி இருக்கு, இனிமே வரமாட்டேன்னு இவதான் சொன்னா. உள்ளேயே இருந்தா வருவாளேன்னு பார்த்தேன். நீங்க ரெண்டு பேரும் கூடாதுன்னீங்க. சரின்னு விட்டுட்டேன்." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எந்தச் சண்டையிலும் அவர் குரல் அப்படிப் போய் நான் கேட்டதில்லை. அவமானத்தில் என் முகம் சுட்டது.

"அப்பா, அது நான் ஏழாவது படிக்கறப்ப சொன்னது," என்றாள் அஞ்சலி.

"அப்போ அதுக்கப்புறம் ஏம்மா வரல?"

அவள் உள்ளே ஏறித் தண்ணீர்ப் பெட்டிகளை ஒவ்வொன்றாக நடுவுக்குத் தள்ள ஆரம்பித்தாள். நாங்களும் சேர்ந்துகொண்டோம். கனமானதையெல்லாம் சக்கரத்துக்கு மேலே தரையில் அடுக்கினோம். கிரைண்டரும் தோசைக்கல்லும் அன்ரியின் காருக்குப் போயின. பின்னறை காலியானது. ரவி மறுபடி மூக்கை மாட்டியபோது அது கனத்தது. கை தட்ட யாருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு அவர் ஓட்டிய ஓட்டத்தில் சைக்கிள்காரர்கூட எங்களைத் தாண்டியிருப்பார். பின்னால் கார்கள் வரிசை கட்டின. டிசம்பர் போச்சு என்று ரவி நினைப்பது அவர் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கடற்கரையோரக் கேம்ப்பில் மூன்று குடும்பங்களும் எங்களுக்கு முன்பே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன. முதலில் கேட்டது, "என்ன, இவ்வளவு லேட்டு? பசங்க பசின்றாங்க." மலையைப் பற்றி நாங்கள் மூச்சு விடவில்லை. சுதா அடுப்பை வெளியே, பந்தலுக்கு அடியில் மூட்டினாள். நான் காய் நறுக்கினேன். ரவி குழாயடிக்கும் அடுப்புக்குமாகத் தண்ணீர் சுமந்தார். சாம்பார் வாசனைக்குப் பக்கத்து இடத்து ஆஸ்திரேலியத் தம்பதி வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தட்டு வைத்தோம். "தினமும் இப்படியா சாப்பிடுவீர்கள்?" என்று அந்த அம்மாள் கேட்டார். இல்லை, இது சிக்கனமான நாள் என்றேன்.

அவ்வளவு நேரத்தில் ஒருவர்கூடக் கேரவனுக்குள் உட்காரவில்லை. இத்தனை பாடுபட்டு இழுத்து வந்த வீடு எங்களுக்கு ஒரு பீரோவாக மட்டும் பயன்பட்டது. உப்பு வேண்டுமென்றால் ஓடிப் போய் எடுத்துவருவோம்.

அஞ்சலி எல்லோருக்கும் பரிமாறினாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கேள்வி. எந்த யூனிவர்சிட்டி? என்ன கோர்ஸ்? மெல்போர்ன்ல தனியாவா இருப்பே? அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். மூன்றாவது அத்தையின் கேள்விக்குப் பிறகு பார்த்தால் ஆளைக் காணோம்.

ரவி கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஓடினார். பகலில் நடந்ததற்குப் பிறகு எனக்கும் பயம். மற்ற பக்கம் நான் போனேன். கேம்ப்பின் கோடியில் அன்ரியின் கேம்பர் நின்றது. பின்கதவைத் திறந்து இழுத்தால் அடுப்பு வெளியே வரும், அதுதான் அன்ரியின் 'குசினி', அதாவது சமையலறை. அதற்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அன்ரி, ஒன்றில் அஞ்சலி. இரண்டு பேரும் பேசாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க தேடறாங்கடி," என்றேன்.

"விடுங்கோ அக்கா. பிள்ளை கொஞ்சம் இருக்கட்டும்," என்றார் அன்ரி.

"உட்கார இன்னொரு சேர் இல்லையா?"

"இல்லை. ரெண்டுதான் கொண்டு வாறனான். மூண்டாவது ஆள் வந்தா நிண்டுகொண்டுதான் கதைக்க வேணும்."

நின்றுகொண்டு பேச எனக்கு எதுவும் இல்லை. திரும்பிப் போய் ரவியிடம் அவள் பத்திரமாக இருப்பதாகச் சொன்னேன். அவர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிறு காலை வடை கிடையாது என்று சுதா அறிவித்தாள். ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டு மற்ற குடும்பங்கள் மதியத்துக்கு முன்பே கிளம்பின. ஒருத்தர் முகத்திலும் வருத்தம் இல்லை, அது சுதாவுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அன்ரியும் "போட்டு வாறன்" என்று கையசைத்துவிட்டுப் போனார். மிஞ்சியது நாங்கள் நாலு பேரும் டெரியின் வண்டியும். அவருக்கு ஃபோன் செய்ய வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

சுதாதான் கேட்டாள். "அஞ்சு, நேராச் சொல்லு. டிசம்பர்ல வருவியா, மாட்டியா? அந்த டாய்லெட்டை நீ யூஸ் பண்ணிக்கோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

அஞ்சலி கடலைப் பார்த்தபடி சொன்னாள்.

"டாய்லெட் பிரச்சினையே இல்லம்மா. நாம மூணு பேர் மட்டும் எங்கயாவது போயிருக்கோமா? ஒரு தடவை சொல்லுங்க."

ரவியும் சுதாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்தார்கள். நானும் யோசித்தேன். ஒன்றும் தேறவில்லை.

"எங்க போனாலும் அம்மா அடுப்புல. அப்பா தண்ணி தூக்கறார். நான் யார் வீட்டுப் பசங்களுக்கோ சாம்பார் ஊத்தறேன். அப்புறம் எல்லாரும் டயர்டா தூங்கிடறீங்க. அதை வீட்லயே பண்ணலாமே? நேத்து அந்த மலையில ரொம்ப பயமா இருந்துச்சு. ஆனா ரொம்ப நாளைக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் வேற யாரையும் கவனிக்கல."

சுதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரவி எழுந்து, காரணமே இல்லாமல் கேரவனின் படியை ஒரு முறை துடைத்தார்.

"பத்மா அன்ரியோடது மாதிரி சின்னதா வாங்குங்க. மூணு பேர் படுக்கற அளவுக்கு. யாரையும் கூப்பிடக் கூடாது. அப்படின்னா வர்றேன்," என்றாள் அஞ்சலி.

ரவி அப்போதே டெரிக்கு ஃபோன் போட்டார். வேண்டாம் என்றார். உடைந்த கதவைத் தம் செலவில் சரிசெய்துதான் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். டெரிக்குக் குழப்பம். "வண்டியில் என்ன குறை?" என்று அவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"ஒரு குறையும் இல்லை. எங்களுக்கு இதில் இடம் அதிகம்," என்றார் ரவி.

மூன்று பேர். விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியம் இல்லை. ரவி, சுதா, அஞ்சலி. பரீட்சை முடியும்வரை வேளாவேளைக்குத் தோசை வார்த்துப் போட்ட பெரியம்மா அந்தக் கணக்கில் இல்லை. சுருக்கென்றுதான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

சுதா என் முகத்தைப் படித்துவிட்டாள். கூடப் பிறந்தவள் ஆயிற்றே. "அக்கா, நீயும் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுட்டு டிசம்பர் முடியற வரைக்கும் இரேன். நாலு பேர் படுக்கற மாதிரி பார்த்து வாங்கினா…" என்று ஆரம்பித்தாள். அஞ்சலி தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

"எனக்கு ஊர்ல கேஸ் இருக்குடி," என்றேன். "மூணு பேருக்கே பாரு."

சுதா நம்பிவிட்டாள். டிசம்பர் கடைசியில் எங்கள் ஊர்க் கோர்ட்டுக்கு விடுமுறை என்பது அவளுக்கு நினைவில் இல்லை.